புள்ளிக்கோட்டில் ஓர் ஆறு

நான் பூமிசாத்திரம் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் ஒரேயொரு அட்லஸ் புத்தகம்தான் இருந்தது. அட்டை கிழிந்து, ஓரங்கள் மடங்கி, பல கைகள் பட்டுக் கறுத்துப்போன புத்தகம். அதில் அவுஸ்திரேலியாவின் பக்கத்தைத் திறந்தால் கரையோரப் பகுதிகளில் ஆறுகள் முழுமையான நீலக் கோடுகளாக ஓடும். நடுப்பகுதிக்கு வந்ததும் அந்தக் கோடுகள் துண்டு துண்டாக உடைந்து புள்ளிக்கோடுகளாகிவிடும். அவை கடலுக்கும் போவதில்லை. புள்ளிகளாலேயே வரையப்பட்ட ஓர் ஏரியில் போய் முடிந்துவிடும்.

"சேர், இது என்ன ஆறு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது வந்தால் ஆறு, வராவிட்டால் மணல்" என்றார் ஆசிரியர். வகுப்பே சிரித்தது. அந்தப் புள்ளிக்கோடுகளில் ஒன்றின் கரையிலேதான் பேர்க், வில்ஸ் என்ற இரண்டு ஆங்கிலேய வீரர்கள் ஒன்பது மணித்தியாலம் பிந்தி வந்ததால் பசியால் மாண்டுபோனார்கள் என்றும் அவர் சொன்னார். அந்தக் கதை என் மனதில் பலகாலம் அப்படியே கிடந்தது. விதி எவ்வளவு கொடியது என்பதற்கு உதாரணமாக நானே அதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். அவர்களில் பேர்க் ஐரிஷ்காரர் என்பதும், அவர்கள் சாவுக்குக் காரணம் அந்த ஒன்பது மணித்தியாலமல்ல என்பதும் எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தன. இன்றைய கட்டுரை ஒருவகையில் நான் அன்று சொன்னதைத் திருத்திக்கொள்ளும் முயற்சி.

சில ஆண்டுகளுக்கு முன் அடிலெய்டில் வசிக்கும் மருமகனிடம் போயிருந்தேன். அங்கே அது குளிர்காலம். "எங்கே போய்ப் பார்க்க விருப்பம் மாமா?" என்று கேட்டான். எல்லோரும் கடற்கரையையும் திராட்சைத் தோட்டங்களையும் கேட்பார்கள். நான் அந்தப் புள்ளிக்கோட்டைக் கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். ஆனாலும் ஒரு கிழமை லீவு எடுத்து, தண்ணீர்க் கலன்களையும் மேலதிகச் சில்லுகளையும் ஏற்றிக்கொண்டு வடக்கே வாகனத்தை விட்டான். மறீ என்ற சிற்றூரைக் கடந்து பேர்ட்ஸ்வில் பாதையில் ஏறினோம். தார் இல்லை, செம்மண்ணும் கூழாங்கல்லும்தான். நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர் போனபின் ஒரு பள்ளத்தில் இறங்கி வாகனத்தை நிறுத்தினான்.

"மாமா, ஆத்துக்கு வந்திட்டம்."

"எங்கை தம்பி தண்ணி?"

"நீங்கள் நிக்கிறதே ஆத்துக்கு நடுவிலைதான்."

காலடியில் வெடித்துக் காய்ந்த களிமண். தூரத்தில் ஒரு வரிசையாகக் கூலிபா மரங்கள். பாதையோரத்தில், மணலின் மேல், ஒரு பழைய இரும்புத் தோணி. அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த ஆற்றின் பெயர் கூப்பர் கிறீக். கிறீக் என்றால் ஓடை, வாய்க்கால் என்று பொருள். ஆனால் 1300 கிலோமீற்றர் நீளமான ஓடை இது. குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நடுப்பகுதியில் தொம்சன், பார்க்கூ என்று இரண்டு ஆறுகள் இருக்கின்றன. விண்டோரா என்ற சிற்றூருக்குச் சற்று மேலே அவை ஒன்றுசேர்கின்றன. அங்கிருந்து கீழே அதற்குப் பெயர் கூப்பர் கிறீக். உலகத்திலே இரண்டு ஆறுகள் கூடி ஓர் ஓடையாகும் இடம் இது ஒன்றுதான் என்று அந்தப் பகுதி மக்கள் பகிடியாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த ஆற்றுக்கு நீர் தரும் நிலப்பரப்பு ஏறத்தாழ 3 இலட்சம் சதுர கிலோமீற்றர். அதாவது இலங்கையைப்போல நாலரை மடங்கு. அவ்வளவு நிலத்தின் நீரும் கடலை நோக்கிப் போகாமல் கண்டத்தின் உள்ளே, தென்மேற்காக, ஏயர் ஏரியை நோக்கிப் போகிறது. பூர்வீகக் குடிகளின் பெயரையும் சேர்த்து 2012 முதல் காட்டி தண்டா – ஏயர் ஏரி என்று உத்தியோகபூர்வமாக அழைக்கப்படும் அந்த ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்கு 15 மீற்றர் கீழே கிடக்கிறது. நிறைந்தால் 9000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீர்ப்பரப்பு. பெரும்பாலான ஆண்டுகளில் அது வெறும் உப்புப் பாலைதான்.

இந்த ஆற்றின் விந்தை என்னவென்றால், அது ஓடும் இடத்தில் மழை இல்லை. கீழ்ப் பகுதியில் ஆண்டு மழை 200 மில்லிமீற்றரை எட்டுவதே அரிது. வடக்கே, நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், கோடைகாலத்துப் பருவமழையோ சூறாவளியின் மிச்சமோ கொட்டினால்தான் இங்கே வெள்ளம் வரும். வானம் வெளுத்துக் கிடக்கும். ஒரு துளி மழை இராது. ஆனால் மண்ணிறத் தண்ணீர் புழுதியை முன்தள்ளிக்கொண்டு மெல்ல மெல்ல ஊர்ந்துவரும். ஊர்ந்து என்று நான் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. நிலம் அவ்வளவு மட்டமானது. ஒரு கிலோமீற்றருக்கு ஒரு சாணளவு இறக்கம்கூடச் சரியாக இல்லை. அதனால் தண்ணீர் ஒரே ஆறாகப் போகாமல் நூற்றுக்கணக்கான கால்களாகப் பிரிந்து, பின்னிப் பிணைந்து, சில இடங்களில் 60 கிலோமீற்றர் அகலத்துக்குப் பரவிவிடுகிறது. அந்த நாட்டுக்கே 'வாய்க்கால் நாடு' என்று பெயர்.

முதலில் வரும் வெள்ளத்தை நிலத்தின் வெடிப்புகள் குடிக்கின்றன. பிறகு பள்ளங்கள் குடிக்கின்றன. மிஞ்சியதை வெயில் குடிக்கிறது. விண்டோராவைத் தாண்டும் நீரில் முக்கால் பங்குக்கு மேல் தெற்கு அவுஸ்திரேலிய எல்லையை அடையுமுன்பே இவ்விதம் தொலைந்துபோகிறது என்று நீரியல் ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். பெருவெள்ளம் வந்தாலொழியக் கூப்பர் ஏயர் ஏரியைக் காண்பதில்லை. 1974 இல் கண்டது. 1990 இல் கண்டது. பிறகு 20 ஆண்டுகள் கழித்து 2010 இல் கண்டது.

அப்படியானால் மற்ற ஆண்டுகளில் இது ஆறு இல்லையா? அங்கேதான் என் ஆசிரியர் சொன்னது பிழைத்துவிட்டது. வெள்ளம் வடிந்த பிறகும் இந்த ஆறு சாவதில்லை. ஆழமான மடுக்களில் அது ஒளிந்துகொள்கிறது. களிமண்ணை அரித்து, அடியில் உள்ள மணலையும் வெள்ளம் தோண்டிய இடங்களில் இம்மடுக்கள் உண்டாகியிருக்கின்றன. இன்னமிங்காவுக்கு அருகில் உள்ள கல்யமுரா மடு 25 மீற்றருக்கு மேல் ஆழமானது. அது வற்றியதாக எழுதப்பட்ட குறிப்பு எதுவுமில்லை. மீனும் ஆமையும் நத்தையும் அடுத்த வெள்ளம் வரும்வரை அங்கே காத்திருக்கும். வெள்ளம் வந்ததும் அவை பரவிப் பெருகும். எங்கிருந்தோ கூழைக்கடாக்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். கூங்கி ஏரிகள் என்று அழைக்கப்படும் கூப்பரின் ஏரித்தொகுதி, சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக 1987 இல் றாம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் இந்தப் பறவைகளின் பொருட்டுத்தான்.

ஆக, இந்த ஆற்றை ஆறென்று காண்பதற்குக் கண் மட்டும் போதாது. எப்போது வரும், எங்கே ஒளியும், ஒளிந்த இடத்தில் என்ன கிடைக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

இன்னமிங்காப் பகுதியில் யாண்ட்ருவாண்டா மக்கள். அவர்களுக்கு அயலில் யாவரவர்க்கா மக்கள். கீழே ஏரிப்பக்கமாக டியரி மக்கள். பாலைவனத்துக்கு நடுவே நிரந்தரமாகத் தண்ணீர் கிடைத்ததால் கூப்பர் ஒரு பெருவழியாகவும் சந்தையாகவும் இருந்தது. தெற்கே பிளிண்டர்ஸ் மலையிலிருந்து செங்காவி வந்தது. வடக்கே இருந்து பிட்டூரி என்ற போதை தரும் இலை வந்தது. கூப்பர்ப் பகுதியில் வெட்டிய அரைகற்கள் பல நூறு கிலோமீற்றர் தூரத்துக்குக் கைமாறிச் சென்றன. நாரில் முடைந்த வலைகளால் மடுக்களில் மீன் பிடித்தார்கள். வெள்ளம் வடிந்த சேற்றுநிலத்தில் முளைக்கும் நார்டூ என்ற செடியின் வித்துறைகளைப் பொறுக்கி, அரைத்து, அப்பமாகச் சுட்டுச் சாப்பிட்டார்கள்.

நார்டூ நமக்கு முற்றிலும் புதிய செடியல்ல. வயல் வரம்பிலும் குளத்தோரத்திலும் நாலு இலை விரித்து நிற்குமே ஆரைக்கீரை, அதன் நேர் உறவு. ஒரே இனம், ஆங்கே வேறு வகை. இந்தச் செடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் முடிச்சு இதில்தான் இருக்கிறது.

இந்த ஆற்றை முதலில் கண்டு எழுதிவைத்த ஐரோப்பியர் சார்ள்ஸ் ஸ்டேர்ட் என்ற இராணுவ அதிகாரி. கண்டத்தின் நடுவே ஒரு பெருங்கடல் இருக்க வேண்டும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையில் 1844 இல் அடிலெய்டிலிருந்து புறப்படும்போது படகொன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். கடல் கிடைக்கவில்லை. தண்ணீர் இன்மையால் ஓரிடத்திலேயே ஆறு மாதம் அடைபட்டுக் கிடந்தார். படகும் பாலைவனத்தில் கைவிடப்பட்டது. 1845 ஒக்ரோபரில் அவர் இந்த ஆற்றை அடைந்தார். அப்போது நீரோட்டம் இல்லை. ஓடாததை ஆறென்று சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. ஆகவே ஓடை என்றார். தெற்கு அவுஸ்திரேலியாவின் நீதிபதியாயிருந்த சார்ள்ஸ் கூப்பரின் பெயரையும் அதற்குச் சூட்டினார். எத்தனையோ தலைமுறையாகப் பெயர் பெற்றிருந்த ஆற்றுக்கு, அதை ஒருநாளும் கண்டிராத ஒருவரின் பெயர் வந்து சேர்ந்தது.

அதே பயணத்தில் நடந்த ஒரு சம்பவத்தை ஸ்டேர்ட் தன் நூலில் எழுதியிருக்கிறார். ஒரு மணல்மேட்டில் ஏறியதும் எதிரே முந்நூறு நானூறு பேர் திரண்டு நிற்கிறார்கள். ஒரே ஆரவாரம். ஸ்டேர்ட் அஞ்சியிருக்கலாம். ஆனால் அவர்கள் மரத்தொட்டிகளில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். மனிதர் குடித்த பின் குதிரைகளுக்கும் நீட்டினார்கள். குதிரை என்ற மிருகத்தை அவர்கள் அதற்கு முன் கண்டதில்லை. ஆனாலும் தொட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அது குடிக்கும்வரை அசையாமல் நின்றார்கள். சுட்ட வாத்தும் அப்பமும் கொடுத்தார்கள். படுக்கக் குடிலும் காட்டினார்கள். ஒரு படகோடு கடல் தேடி வந்தவருக்கு ஒரு தொட்டித் தண்ணீர் கிடைத்தது. அதுதான் அந்த நேரத்துக்குத் தேவையாகவும் இருந்தது.

அடுத்த ஆண்டில் தோமஸ் மிச்செல் என்ற நில அளவையாளர் வடக்கே பார்க்கூ ஆற்றைக் கண்டார். அது வடதிசைக் கடலுக்குப் போகும் பேராறு என்று எண்ணி, விக்டோரியா மகாராணியின் பெயரை இட்டார். 1847 இல் எட்மண்ட் கென்னடி அதன் வழியே தொடர்ந்து போனபோது அது கடலுக்குப் போகாமல் தென்மேற்காகத் திரும்பிக் கூப்பரில் சேர்வது தெரிந்துவிட்டது. மகாராணியின் பெயர் போய், உள்ளூர்ப் பெயரான பார்க்கூ நின்றது.

இனி என் ஆசிரியர் சொன்ன கதைக்கு வருகிறேன்.

1860 ஓகஸ்ட் 20 ஆம் திகதி மெல்பேர்ன் நகரிலிருந்து ஒரு பெரும் படை புறப்பட்டது. கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் குறுக்கறுத்துக் கடப்பது நோக்கம். விக்டோரியாவின் றோயல் சங்கம் ஏற்பாடு செய்தது. 19 மனிதர், இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து தருவித்த ஒட்டகங்கள், அவற்றை நடத்த டோஸ்ட் முகமது முதலிய நால்வர், குதிரைகள், வண்டிகள், ஏறத்தாழ 20 தொன் சாமான்கள். மேசையும் சீனத்து மணித்தட்டும் வாணமும், ஒட்டகங்களுக்கென்று 60 கலன் றம் மதுவும்கூட இருந்தன. தலைவர் றொபர்ட் ஓ'ஹாரா பேர்க், பொலிஸ் அதிகாரி. இரண்டாமவர் வில்லியம் ஜோன் வில்ஸ், 26 வயது நில அளவையாளர். முன்பு இந்தியாவில் பட்டாளத்தில் இருந்த ஜோன் கிங் என்ற இளைஞர் ஒட்டகங்களோடு வந்து சேர்ந்தவர்.

கூப்பரின் கரையில் ஒரு கூலிபா மரத்தடியில் பாசறை அமைத்தார்கள். டிசெம்பர் 16 இல் பேர்க், வில்ஸ், கிங், சார்ள்ஸ் கிரே ஆகிய நால்வர் வடக்கே புறப்பட்டார்கள். வில்லியம் பிராஹே என்பவரும் வேறு மூவரும் பாசறையில் காத்திருக்க வேண்டும். மூன்று மாதம் என்பது கட்டளை. 1861 பெப்ரவரியில் நால்வர் அணி வடகடலின் உவர்நீரைத் தொட்டது. கண்டல் சேற்றைத் தாண்டிக் கடலைக் கண்ணாற் காண முடியவில்லை. திரும்பும் வழியில் கிரே இறந்தார். இளைத்துப்போன மூவரும் ஒரு நாள் முழுவதும் தங்கி அவரைப் புதைத்தார்கள்.

ஏப்ரில் 21 மாலை மூவரும் பாசறைக்கு வந்தபோது அங்கே ஒருவருமில்லை. நான்கு மாதத்துக்கு மேல் காத்திருந்த பிராஹே, தோழர் ஒருவரின் நோய் முற்றியதால், அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார். மரத்தில் 'தோண்டு' என்ற சொல்லும் திகதியும் செதுக்கப்பட்டிருந்தன. தோண்டினார்கள். கொஞ்ச உணவும் ஒரு கடிதமும் கிடைத்தன.

ஒன்பது மணித்தியாலக் கதை இதுதான். உலகம் அந்த மரத்தடியோடு கதையை நிறுத்திக்கொண்டு கண்ணீர் விடுகிறது. ஆனால் நேயர்களே, அந்த மூவரும் அன்று சாகவில்லை. அந்த வாரத்திலும் சாகவில்லை. பேர்க்கும் வில்ஸும் இறந்தது ஜூன் முடிவில். இடையில் பத்து வாரம் கிடக்கிறது. அந்தப் பத்து வாரமும் அவர்கள் மீன் நிறைந்த மடுக்களின் ஓரத்தில், ஒவ்வொரு நாளும் அடுப்பு எரிந்த குடில்களுக்கு அயலில் இருந்தார்கள்.

அந்த வாரங்களில் நடந்ததைப் பார்ப்போம். மூவரும் தெற்கே மவுண்ட் ஹோப்லெஸ் பக்கமாகப் போக முயன்றார்கள். இருந்த இரண்டு ஒட்டகங்களும் போயின. தண்ணீரைச் சுமக்க வழியில்லாததால் ஆற்றை விட்டு விலக முடியவில்லை. மரத்தடியில் தாங்கள் வந்துபோனதற்கு வெளியே தெரியும் அடையாளம் எதையும் வைக்கவில்லை. மே மாதத்தில் பிராஹே திரும்பி வந்து பார்த்தார். குழி கலையாததுபோலத் தோன்றவே போய்விட்டார்.

யாண்ட்ருவாண்டா மக்கள் இந்த மூவரையும் கண்டார்கள். மீன் கொடுத்தார்கள், நார்டூ அப்பம் கொடுத்தார்கள். வில்ஸ் சில நாட்கள் அவர்களோடு தங்கி நன்றாகவே உபசரிக்கப்பட்டார். பேர்க்குக்கு அது பொறுக்கவில்லை. இவர்களை அண்டவிட்டால் உரிமை கொண்டாடத் தொடங்குவார்கள் என்ற அச்சம். ஒருவர் ஒரு துணித்துண்டை எடுத்தார் என்பதற்காகத் துப்பாக்கி வெடித்தது. அன்போடு கொண்டுவந்த மீன் வலையையும் அவர் தட்டிவிட்டார். இவற்றைச் சொன்னது எதிரிகள் அல்லர். உயிர் தப்பிய கிங் கொடுத்த வாக்குமூலத்திலேயே இருக்கின்றன. மக்கள் விலகிப் போனார்கள்.

பிறகு மூவரும் தாங்களாகவே நார்டூ பொறுக்கி அரைத்து உண்டார்கள். வயிறு நிறைந்தது, உடல் உருகியது. கால்கள் நிற்க மறுத்தன. வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே மெலிந்து போவதை வில்ஸ் தன் நாட்குறிப்பில் வியப்போடு பதிந்து வைத்திருக்கிறார். இதன் காரணத்தை 1994 இல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியான ஓர் ஆய்வுக் குறிப்பு விளக்கியது. பச்சை நார்டூவில் உயிர்ச்சத்து பி-1 ஐ அழிக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. யாண்ட்ருவாண்டா மக்கள் அதை நீர்விட்டு அரைத்து, கரைத்து, சுட்டுப் பக்குவப்படுத்தும் முறையில் அந்த நஞ்சின் வலு போய்விடும். அந்தப் பக்குவம் தெரியாதவர்களுக்கு அதே உணவு பெரிபெரி நோயைக் கொண்டுவந்தது என்பது அந்த விளக்கம். குளிரும் போதாத உணவும் மற்றக் காரணங்கள்.

பெரிபெரி என்ற பெயரே நமது நாட்டுச் சிங்களச் சொல்லிலிருந்து போனது என்று அகராதிகள் கூறுகின்றன. 'பெரி' என்றால் இயலாது. இயலாது, இயலாது என்று நோயாளி சொல்வதே நோயின் பெயராயிற்று. அந்த ஆற்றங்கரையில் வில்ஸின் கடைசி வாரங்களைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஒரு செடி, ஒரு கரை, ஒரே பருவம். பக்குவம் தெரிந்தவர்களை அது பல நூறு தலைமுறையாக வாழவைத்தது. கேட்டுத் தெரிந்துகொள்ளாதவர்களைப் பத்து வாரத்தில் முடித்துவிட்டது. ஒன்பது மணித்தியாலம் விதியாக இருக்கலாம். பத்து வாரத்தை விதி என்று சொல்ல இப்போது எனக்கு நா எழுவதில்லை.

இதற்குச் சாட்சி ஜோன் கிங். மற்ற இருவரும் இறந்தபின் அவர் தனியே போய் யாண்ட்ருவாண்டா மக்களிடம் அடைக்கலம் கேட்டார். அவர்களுக்காகப் பறவை சுட்டுக் கொடுத்தார். ஒரு பெண்ணின் கையில் இருந்த புண்ணைக் கழுவி மருந்திட்டார். அவர்கள் அவருக்குக் குடில் கட்டிக் கொடுத்தார்கள். தினமும் உணவில் பங்கு கொடுத்தார்கள். பேர்க்கின் உடல் கிடந்த இடத்தைக் கிங் காட்டியபோது அவர்கள் எல்லோரும் அழுதார்கள்; செடிகளை ஒடித்து உடலை மூடினார்கள். மீனைத் தட்டிவிட்ட மனிதருக்காகத்தான் அந்த அழுகை. 1861 செப்டெம்பர் 15 இல் அல்பிரட் ஹோவிட்டின் தேடுதல் அணி அங்கே வந்தபோது, அந்த மக்களிடையே கந்தலுடுத்து, மெலிந்து, ஆனால் உயிரோடு கிங் இருந்தார்.

பேர்க்குக்கும் வில்ஸுக்கும் 1863 ஜனவரியில் மெல்பேர்னில் அரச மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. சிலை எழுந்தது. கிங்கைப் பற்றி அதிகம் பேசப்படவில்லை. அவர் 33 வயதில், 1872 இல் காலமானார். யாண்ட்ருவாண்டா மக்களுக்குப் பித்தளைப் பதக்கங்கள் கொடுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று இன்று கன்பராவில் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

பதக்கத்துக்குப் பின்னால் மந்தைகள் வந்தன. 1870 களில் கூப்பரின் இரு கரையிலும் மாட்டுப் பண்ணைகள் எழுந்தன. மடுக்களைச் சுற்றி வேலி வந்தது. நோயும் வன்முறையும் இடப்பெயர்வும் சேர்ந்து அந்தக் கரைகளின் குடிகளைச் சில பத்தாண்டுகளில் சிதறடித்தன. கீழ்க் கூப்பரில் கில்லல்பனின்னா என்ற இடத்தில் லூதரன் பாதிரிமார் மிஷன் நடத்தினார்கள். அவர்கள் டியரி மொழியைக் கற்று, 1897 இல் புதிய ஏற்பாட்டை அதில் அச்சிட்டார்கள். அவுஸ்திரேலியப் பூர்வீக மொழியொன்றில் முழுமையாக வந்த முதல் புதிய ஏற்பாடு அதுவே. மொழி அச்சேறிய காலத்திலேயே அதைப் பேசுவோர் தொகை குறைந்துகொண்டிருந்தது என்பது வேதனையான செய்தி. கிங்கைக் கண்டெடுத்த ஹோவிட் பிற்காலத்தில் இம்மக்களின் வழக்கங்களை ஆராய்ந்து 1904 இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மீட்கப் போனவர் மாணவரானார் என்று அதைச் சொல்லலாம்.

1960 களில் பூமிக்கடியில் இயற்கை வாயு கண்டுபிடிக்கப்பட்டது. நாங்கள் இன்னமிங்காவுக்குப் போகும் வழியில் மூம்பா வாயு நிலையத்தின் தீச்சுடரை இருளில் கண்டோம்.

1995 இல் கூப்பருக்கு இன்னொரு சோதனை வந்தது. விண்டோராவுக்கு அருகில் ஆற்று நீரைத் தேக்கிப் பருத்தி பயிரிட ஒரு திட்டம் முன்வைக்கப்பட்டது. வீணாகப் பாலையில் பரந்து ஆவியாகும் தண்ணீரைப் பயன்படுத்துவதில் என்ன பிழை என்று கேட்டார்கள். ஸ்டேர்ட்டின் படகுக்கும் இந்தக் கேள்விக்கும் உறவு இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. இரண்டிலும் தாங்கள் அறிந்த நீரையே இங்கும் எதிர்பார்த்தார்கள். ஆனால் இம்முறை கேட்க ஆளிருந்தது. மாட்டுப் பண்ணைக்காரர், பூர்வீகக் குடிகள், நீரியல் அறிஞர் யாவரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். பரவும் வெள்ளம் வீண் அல்ல. புல்லும் மீனும் பறவையும் அதில்தான் பிறக்கின்றன என்று 1996 இல் விண்டோராவில் கூடிய அறிஞர்கள் எடுத்துச் சொன்னார்கள். திட்டம் கைவிடப்பட்டது. 2000 ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஏயர் ஏரி வடிநிலத்தைக் காக்கும் உடன்படிக்கையில் மத்திய அரசும் இரு மாநில அரசுகளும் கையொப்பமிட்டன. வந்த நிலத்தில் நூறாண்டு வெள்ளம் பார்த்த பண்ணைக்காரரும் அந்த ஆற்றிடம் பாடம் கற்றிருந்தார்கள். 2015 இல் யாண்ட்ருவாண்டா, யாவரவர்க்கா மக்களின் பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது. பதக்கம் கொடுத்து 150 ஆண்டுகளுக்குப் பின், நிலத்தின் மீது அவர்களுக்குள்ள உறவு சட்டத்தில் எழுதப்பட்டது.

இன்னமிங்காவிலிருந்து கிழக்கே 70 கிலோமீற்றர் போய் அந்த மரத்தையும் பார்த்தோம். கூலிபா இன்னும் பச்சையாக நிற்கிறது. செதுக்கிய எழுத்துக்களைப் பட்டை வளர்ந்து பெரும்பாலும் மூடிவிட்டது. மருமகன் படம் எடுத்தான். நான் மரத்தைவிட்டு இறங்கிக் கரைக்குப் போனேன். மடுவில் தண்ணீர் நிறைந்திருந்தது. கூழைக்கடாக்கள் இரண்டு மிதந்தன. ஈரச் சேற்றில் நாலு இலை விரித்த செடி. ஊர்க் குளத்தடி ஞாபகம் வந்தது. ஒரு தண்டைக் கிள்ளிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

2025 மார்ச்சில் மேற்குக் குயின்ஸ்லாந்தில் பெருமழை கொட்டியது. 1974 வெள்ளத்தின் அளவுகளையும் சில இடங்களில் நீர் கடந்தது. ஊர்கள் துண்டிக்கப்பட்டன, இலட்சத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மாண்டன அல்லது காணாமற்போயின. செய்தியைக் கேட்டதும் மருமகனுக்குத் தொலைபேசி எடுத்தேன். "மாமா, நீங்கள் நின்ற இடத்துக்குத் தண்ணி வாறதெண்டால் இன்னும் மாதக்கணக்கிலை செல்லும்" என்றான். அழிவும் விளைவும் ஒரே தண்ணீரில்தான் வருகின்றன. பண்ணைக்காரருக்கு அது தெரியும்.

அந்தப் பழைய இரும்புத் தோணியைப் பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். அதன் பெயர் 'ரொம் பிரெனன்'. 1949 இல் கூப்பர் பாதையை மூடியபோது தபாலையும் சாமான்களையும் அக்கரை சேர்க்கக் கொண்டுவந்தார்கள். ஆற்றில் ஆண்டுக்கணக்கில் தண்ணீர் இல்லாதபோதும் அதை அகற்ற ஒருவருக்கும் மனம் வரவில்லை. 2010 இல் மீண்டும் வெள்ளம் வந்தபோது அந்த இடத்தில் வேறொரு பாதைப்படகு ஓடியது. கிழட்டுத் தோணி மட்டும் மணல்மேல் இருந்தபடியே இருக்கிறது. அன்று அதன் இரும்பில் கை வைத்துப் பார்த்தேன். வெயிலில் நன்றாகச் சுட்டது.